வாழ்க்கையைச் சீராக்கப் போய் வீட்டைத் தவறவிடும் இடங்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் விடிய நாலு மணிக்கு எழும்புவதற்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவர், பால் கறக்கிறவர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிற தாய் எல்லாரும் அந்த நேரத்துக்கு ஏற்கெனவே எழும்பியிருப்பார்கள். ஆனாலும் அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு அலாரம் வைக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும், குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அந்த ஆசையோடு தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான தவறுகளில் மாட்டுவதுதான் கவலை தருகிறது. வேறெங்கோ வாழ்கிறவர்களின் நாளைத் தூக்கி நம்முடைய நாளின் மேல் வைக்கிறோம். இடம் போதாமல் முதலில் வெளியே தள்ளப்படுவது வீட்டாரோடு இருக்கிற நேரம்.

நித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாரி மழையோடு விதைக்கிற காலபோக நெல் கதிர் தள்ளுகிற மாதங்களில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து எத்தனையோ பேர் வயல் கொட்டிலில் இரவு முழுக்கக் காவல் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்து, 'இனி விடிய எழும்பி ஓடப் போகிறேன்' என்று தொடங்கினால், நாலாம் நாள் கோபமும் தலையிடியும்தான் மிஞ்சும். வளர்ந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது 7 மணித்தியால நித்திரை வேண்டும். அது இல்லாமல் தொடங்குகிற எந்த நல்ல பழக்கமும் வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுவதில் போய் முடியும். நித்திரை குறைவாக இருந்தால், முதல் மாற்றமாக நேரத்துக்குப் படுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிள்ளைகள் விடயத்தில் இந்தத் தவறு இன்னும் கொடுமையானது. தரம் 5 புலமைப்பரிசில் எழுதப் போகிற பிள்ளைக்கு விடியவும் ரியூசன், பள்ளி விட்ட பிறகும் ரியூசன், இரவு மாதிரி வினாத்தாள். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வரை நித்திரை தேவை. விடிய 5 மணிக்கு எழுப்புகிற பிள்ளை இரவு 8 மணிக்காவது படுத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். படித்தது மனதில் பதிவதற்கும் நித்திரை வேண்டும். பத்து மணிவரை வினாத்தாள் செய்வித்து வெல்கிற புள்ளியை விட, நித்திரை குறைவதால் இழக்கிற புள்ளி கூடவாக இருக்கலாம். அந்தப் பரீட்சை முடிந்த பிறகும் உங்கள் பிள்ளை உங்களோடுதான் இருக்கப் போகிறது. அந்த ஒரு வருடத்தில் தாயோடு கதைத்ததெல்லாம் புள்ளிக் கணக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

அடுத்தது 21 நாள் கணக்கு. ஒரு பழக்கம் 21 நாளில் பதிந்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். 1960இல் அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், தன் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று எழுதியதுதான் இப்படி உருமாறிப் பரவியது. 2010இல் வெளியான ஒரு ஆய்வில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை அவதானித்தார்கள். ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே வருகிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வேறு. இடையில் ஒரு நாள் தவறவிட்டாலும் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

இது நமக்கு மிகவும் முக்கியம். வன்னியில் எந்த மாதமும் முழுதாக நம் கையில் இல்லை. ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு, தை மாசியில் அறுவடை, இடையில் ஒரு செத்தவீடு, கோயில் பொங்கல். ஒரு நாள் தவறியவுடன் 'நம்மால் முடியாது' என்று கைவிடுவதுதான் உண்மையான தோல்வி. விதைப்புக் காலத்தில் புதிய திட்டம் எதையும் தொடங்காதீர்கள், அறுவடை முடியட்டும். தொடங்கும்போது ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். அந்த ஆய்வில் பங்குபற்றியவர்களும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல நாளாந்தம் வருகிற ஒரு வேளையோடு சேர்த்துத்தான் புதிய பழக்கத்தைச் செய்தார்கள். பின்னேரம் சாமி விளக்கு ஏற்றியவுடன் பிள்ளையோடு பத்து நிமிடம் வாசிப்பது, கிணற்றடியில் கால் கழுவி வந்தவுடன் சீனி போடாத பிளேன்ரீ. அவ்வளவு சிறிதாக இருந்தால்தான் நிற்கும்.

இனி வீடும் கடனும். எல்லாவற்றிலும் அதிகம் காயப்படுத்துவது இதுதான் என்பது என் எண்ணம். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அதற்குள் அடங்குகிற வீட்டைக் கட்டி முடித்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். 'கட்டுகிறதுதான் கட்டுகிறோம், பெரிதாகக் கட்டுவோம்' என்று அத்திவாரத்தை அகட்டியவர்கள் நகையை அடகு வைத்தார்கள், பிறகு கடன் எடுத்தார்கள். கொட்டிலிலும் கூடாரத்திலும் கிடந்து வந்தவர்களுக்கு வடிவான வீடு ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் எப்படிப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல முடியாது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. நெல் விதைக்கிற வீட்டுக்குப் பணம் வருவது வருடத்தில் ஒரு தடவை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் இரண்டு தடவை. நுண்கடன் கட்டுக்காசோ கிழமைக்கு ஒரு தடவை. இந்த இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. அந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. கட்டுக்காசு நாளில் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிற பயத்தில் எத்தனையோ பெண்கள் கிழமையின் மற்ற நாட்களையும் தொலைத்தார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை நிபந்தனைகளோடு அரசே பொறுப்பெடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது.

கடன் எடுக்கவே வேண்டுமானால், வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எப்போது கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டுகிற பயிர்ச்செய்கைக் கடன் ஒரு வகை, கிழமைக் கட்டுக்காசு வேறு வகை. சாமத்தியவீட்டுக்கும் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கும் இதே கேள்விதான். அதோடு, 'வீடு பூசி முடியட்டும், அதற்குப் பிறகு எங்காவது போவோம்' என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பூசாத சுவர் பத்து வருடம் நிற்கும். பிள்ளை பத்து வருடம் பிள்ளையாக இருக்காது.

இன்னொரு தவறைப் பற்றி மெதுவாகத்தான் கதைக்க வேண்டும். 'நேர்மறையாக யோசியுங்கள், பழசை விடுங்கள்' என்ற அறிவுரை. இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வன்னியில் யாரையும் இழக்காத வீட்டைக் காண்பது அரிது. சில வீடுகளில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நீண்டது. அப்படி ஒரு வீட்டில் போய் 'மனதை மாற்றுங்கள்' என்றால், அந்தத் தாய் உங்களுக்கு முன்னால் அழுவதை நிறுத்துவார். அவ்வளவுதான் நடக்கும். வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவார்கள். பிள்ளைகள் கேட்கப் பயந்து வளர்வார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லுங்கள். சாப்பிடும்போது 'மாமாவுக்கு உளுத்தம்மா புட்டு என்றால் உயிர்' என்று ஒரு வசனம் வரட்டும். பிறந்தநாளில் அவருக்குப் பிடித்ததைச் சமையுங்கள். அழுகை வந்தால் பக்கத்தில் இருங்கள், புத்தி சொல்ல வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் ஒருவருக்கு நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உதவி கேட்பது 'விசர்' ஆவதில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களே வாய்விட்டுச் சொன்னால் இளையவர்கள் போவார்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றிச் சுருக்கமாக. நமக்குப் போனைத் தூக்கி எறியச் சொல்கிற அறிவுரை சரிவராது, ஏனென்றால் பாதிக் குடும்பம் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் கனடாவில் இருக்கிற அண்ணாவோடு கதைக்க எந்த நேரம் என்பதை நாமே தெரிவு செய்யலாம். ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் அவர்களின் கோடையில் இங்கே விடிய 6.30, பனிக்காலத்தில் 7.30. ஞாயிறு விடிய அந்த நேரத்தில் போனை மேசையில் வைத்து எல்லாரும் சேர்ந்து கதைத்தால், அம்மம்மாவுக்கும் கதைக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பின்னேரம் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கிற ஒரே மணித்தியாலமும் மிஞ்சும். அப்புறம், அங்கே வாங்கின காரையும் வீட்டையும் பார்த்துவிட்டு இங்கே கணவனையோ பிள்ளையையோ குத்திக் கதைக்காதீர்கள். அங்கே அந்தக் காருக்கும் மாதாமாதம் கட்டுகிறார்கள்.

கடைசியாக, சின்னச் சந்தோஷங்களைப் பெரிய செலவாக்குகிற தவறு. குடும்பமாகப் போவது என்றால் வான் பிடித்து, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடுப்புத் தைத்துப் போக வேண்டும் என்று நினைத்து, காசில்லாமல் போகாமலே விடுகிறோம். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, சுடச்சுட ஒரு பை கச்சான் வாங்கி மரநிழலில் இருந்து தின்ன எவ்வளவு செலவாகும்? வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போய், கடல்நீரில் விளக்கெரிகிற அம்மனைக் கும்பிட்டுவிட்டு இரவு மணலில் கதைத்துக்கொண்டு இருக்க எவ்வளவு? இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரக் காற்று வாங்கச் செலவு எதுவுமே இல்லை. கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், வான்கதவு திறக்கிற நாட்களில் வாய்க்காலில் பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது.

வைகாசி ஆனியில் பாலைப்பழம் வரும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற பக்கம் போகாதீர்கள், யானை வருகிற பொழுதுக்கு முன் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளோடு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மரத்துப் பழம் நல்லாக இனிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நடக்க முடியாவிட்டால் லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பாயைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.