கூட்டம் முடிந்ததும் புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும்

கிளை நூலகம் ஒன்றின் இரவல் மேசையில் என் பாதி வாழ்க்கை கழிந்திருக்கிறது. வாசிப்பு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று யாராவது உற்சாகமாக வந்தால், முதலில் ஒன்று கேட்பேன்: "கூட்டம் முடிந்து போகிறவர் கையில் எந்தப் புத்தகம் இருக்கும்?" பலர் அதுவரை யோசித்தது பேச்சாளரையும் பதாகையையும்தான். நாற்காலி நிரம்பி, கைதட்டல் ஓய்ந்து, அத்தனை பேரும் வெறுங்கையோடு படியிறங்கினால் அது நல்ல கூட்டமாக இருக்கலாம். வாசிப்பு நிகழ்ச்சி என்று என் நோட்டில் எழுதமாட்டேன். பத்துப் பேர் வந்து எட்டுப் புத்தகம் போனால் எழுதுவேன்.

அதனால் வேலை அலமாரியில் தொடங்குகிறது. தலைப்பைத் தீர்மானிக்கும் முன் அடுக்குகளுக்கு நடுவே ஒரு நடை போய்வாருங்கள். எந்தப் பொருளில் உங்களிடம் நாற்பது ஐம்பது நல்ல புத்தகம் தேறும்? விண்வெளி, தோட்டம், பயணம், துப்பறியும் கதை, எதுவாகவும் இருக்கலாம். புத்தகமே இல்லாத தலைப்பில் அருமையான உரை வைத்தால், கேட்டு ஆசைப்பட்டவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. திருப்பித் தர வேண்டிய தேதிகளைக் குறிக்கும், புத்தகத்துக்குள் ஒட்டிய தவணைச் சீட்டைப் புரட்டுங்கள், அல்லது கணினியில் தேடுங்கள். ஓராண்டாக யாரும் தொடாதவை தெரியவரும். அவற்றில் நல்லதாகப் பார்த்து எடுத்து வையுங்கள். எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. தூங்கிக்கிடக்கும் புத்தகத்தை அந்த வாசகரிடம் சேர்க்க நிகழ்ச்சியைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கிழிந்து மஞ்சளேறிய பிரதிகளை மட்டும் தயவுசெய்து காட்சிக்கு வைக்காதீர்கள்.

இடத்தை யோசியுங்கள். மாடியில் கூட்ட அறை இருந்தால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். நான் முடிந்தவரை கீழேயே, அடுக்குகளுக்கு நடுவில் நடத்துவேன். பேச்சு சலிக்கிறவர் கைக்கு எட்டும் புத்தகத்தை உருவிப் பார்ப்பார். பார்க்கட்டும், அதற்குத்தானே கூப்பிட்டோம். மாடிதான் கதி என்றால் புத்தக வண்டியும் மாடிக்கு வர வேண்டும். கீழே இறங்கி அடுக்கில் தேடி எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள். முக்கால்வாசிப் பேர் நேராக வாசலுக்குப் போய்விடுவார்கள்.

எல்லா நிகழ்ச்சியிலும் எனக்குப் பிடித்தது குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இரண்டு படக்கதை, நடுவில் எழுந்து குதிக்க ஒரு பாட்டு, போதும். புத்தகத்தின் படம் குழந்தைகள் பக்கம் இருக்க வேண்டும், எழுத்தை நீங்கள் ஓரக்கண்ணால் படிக்க வேண்டும். முந்தைய நாள் இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தால் இது கைவரும். வாசித்துக்கொண்டே போகாமல் இடையில் நிறுத்திக் கேளுங்கள்: "இப்போ இந்த முயல் என்ன பண்ணும்?" குழந்தை ஒரு சொல்லில் பதில் சொன்னால் அதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். படப்புத்தகத்தை இப்படிப் பேசிப்பேசி வாசித்தால் சிறு குழந்தைகளின் மொழி வேகமாக வளர்வதை அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்த ஆய்வில் இப்படி வாசிக்கப் பழக்கப்பட்டவர்கள் பெற்றோர்கள். அதனால்தான் நான் பெற்றோரை வெளியே உட்காரவிடுவதில்லை. குழந்தைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கேள்வி எப்படிக் கேட்கிறோம் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். வாரத்தில் மீதி ஆறு நாளும் வாசித்துக்காட்டப்போவது அவர்கள்தானே.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் வேறு தந்திரம். முதல் இரண்டு அத்தியாயத்தைச் சுவையாக வாசித்து, சிக்கலான கட்டத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கத்துவார்கள். "அங்கே இருக்கு, எடுத்துக்கோங்க" என்று மேசையைக் காட்டுங்கள். இதற்கு அதே புத்தகத்தில் ஐந்தாறு பிரதியாவது வேண்டும். பக்கத்துக் கிளைகளிலிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் சண்டைதான்.

எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளை மேடையேற்றாதீர்கள். 1999-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், பழக்கப்படுத்திய நாய்களுக்குக் குழந்தைகள் வாசித்துக்காட்டும் திட்டம் ஒன்று தொடங்கியது. நாய் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. நாய்க்கு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் போதும். அப்படி ஒருவரைப் பிடிப்பது நாயைப் பிடிப்பதைவிடக் கஷ்டம் என்பது வேறு விஷயம்.

பெரியவர்களுக்கு வருவோம். ஆளும் பணமும் குறைவாக உள்ள நூலகம் மௌன வாசிப்பு நேரத்தில் தொடங்கலாம். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் படித்ததில் ஆரம்பித்து, இப்போது பல நாடுகளில் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. கால் மணி நேரம் அறிமுகம், ஒரு மணி நேரம் வாசிப்பு, பிறகு விரும்பியவர் பேசலாம். வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தினமும் செய்தித்தாள் மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர்களை அடுக்குப் பக்கம் இழுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிப்பது என்ற யோசனை 1998-ல் அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில் நூலகர் நான்சி பேர்ல் தொடங்கிவைத்தது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஆளுக்கொன்று கொடுக்கப் பிரதிகள் வேண்டும். சின்ன நூலகம் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்: ஒரே எழுத்தாளர் அல்லது ஒரே பொருள், ஆளுக்கு வேறு வேறு புத்தகம். அவரவர் படித்ததைச் சொல்லும்போது மற்றவருக்கு அதைப் படிக்க ஆசை வரும், உடனே கைமாறும். கலந்துரையாடலை நடத்துகிறவர் "புத்தகம் பிடித்ததா?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "எந்த இடத்தில் மூடி வைத்துவிடலாம் என்று தோன்றியது?" என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்காதவரும் பேசுவார்.

உறை போட்ட புத்தகம் இளைஞர்களிடம் நன்றாக எடுபடும். அட்டையை மறைத்துத் தாள் சுற்றி, மேலே மூன்று சொல் மட்டும் எழுதுங்கள்: "தீவு, தந்தி, துரோகம்." கூடவே ஓரத்தில் புத்தகத்தின் பதிவு எண்ணையும் எழுத மறக்கக் கூடாது. இல்லையென்றால் இரவல் மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பதிய வேண்டிவரும், ரகசியமும் போகும், வரிசையும் நீளும்.

டென்மார்க்கில் 2000-ல் தொடங்கிய மனித நூலகத்தைப் பலர் கேட்கிறார்கள். ஒரு மனிதரையே புத்தகம்போல இரவல் எடுத்து அரை மணி நேரம் பேசுவது. நல்ல விஷயம்தான், ஆனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் வாழ்க்கையோடு தொடர்புடைய நான்கைந்து புத்தகம் வைக்காவிட்டால் பேச்சோடு முடிந்துவிடும்.

எழுத்தாளர் சந்திப்பு என்றால் அவருடைய புத்தகங்கள் ஒரு மாதம் முன்பே தனி மேசைக்கு வரட்டும். படித்துவிட்டு வருகிறவர் நான்கு பேர் இருந்தால்கூட உரையாடல் வேறு தரத்துக்குப் போகும். வரவேற்புரை இரண்டு நிமிடம். வாழ்த்துரை வேண்டவே வேண்டாம்.

நிகழ்ச்சி என்றே பலர் நினைக்காத ஒன்று அபராத விலக்கு வாரம். தவணை தாண்டிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, அபராதத்துக்குப் பயந்து வராமலேயே போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிகாகோ பொது நூலகம் 2019-ல் தாமத அபராதத்தை அடியோடு எடுத்துவிட்டது. புத்தகங்களும் திரும்பின, விலகிப்போனவர்களும் திரும்பினார்கள். விதியை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால் மேலிடத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். திருப்பித் தர வருகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அறிவிப்பை நூலகச் சுவரில் மட்டும் ஒட்டினால் ஏற்கெனவே வருகிறவர்தான் வருவார். மக்கள் காத்திருக்கும் இடங்களில் ஒட்டுங்கள்: மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், முடிதிருத்தகம். வாட்ஸ்அப்பில் அனுப்புவது நான்கு வரிக்குள் இருக்கட்டும்: என்ன, எப்போது, எத்தனை வயதினருக்கு, உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆவணம் கையில் இல்லாமல் வந்தவர் அன்றைக்கு அட்டை வாங்க முடியாமல் போய்விடுகிறது.

முடிவு நேரத்தைக் கால் மணி நேரம் முன்னதாகவே வைத்து, அந்தக் கால் மணி நேரத்தை இரவல் மேசைக்குக் கொடுங்கள். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் புத்தகம் பதிய, இன்னொருவர் உறுப்பினர் சேர்க்க. படிவத்தை வாசலிலேயே கொடுத்து, தொடங்கும் முன்பே நிரப்பி வாங்கிவிட்டால் நெரிசல் பாதியாகும்.

அப்புறம் நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: வந்தவர், போன புத்தகம், புதிய உறுப்பினர், தவணைக்குள் திரும்பி வந்து இரண்டாவது புத்தகம் எடுத்தவர். நான்காவது எண் ஏற ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். இரவல் காலம் பதினைந்து நாள் என்றால், அடுத்த நிகழ்ச்சியைப் பதினைந்தாம் நாளில் வையுங்கள். தவணைச் சீட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புத்தகத்தைத் திருப்ப எப்படியும் வரத்தானே போகிறார்கள்.