விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’: முதன்முறை கேட்பவருக்கான செய்முறை

மேற்கத்தியச் செவ்வியல் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், வெனிஸ் நகரில் பிறந்த அந்தோனியோ விவால்டி இயற்றி, 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய ‘நான்கு பருவங்கள்’ என்றே தயங்காமல் சொல்வேன். இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் எனப் பருவத்துக்கு ஒன்றாக நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள், அதாவது ஒரு தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள். மொத்தம் நாற்பது நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னாக ஓடும். ஒரே மூச்சில் கேட்டு முடிக்க வேண்டாம்.

படி 1: கவிதையை முதலில் படியுங்கள்.
ஒவ்வொரு கான்செர்ட்டோவுக்கும் பதினான்கு அடிகள் கொண்ட ஓர் இத்தாலியக் கவிதை உண்டு. அதன் அடிகள் இசைக்குறிப்பிலேயே உரிய இடங்களில் அச்சிடப்பட்டிருக்கின்றன. எந்த இடத்தில் பறவை பாடுகிறது, எங்கே இடி இடிக்கிறது என்பதை அவை சொல்லிவிடுவதால், மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படி 2: இளவேனிலின் நடுப்பகுதியை மூன்று முறை கேளுங்கள்.
புகழ்பெற்ற தொடக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். காது பழகுவதற்கு இந்தச் சிறு பகுதியே சிறந்தது. புல்வெளியில் ஆட்டிடையன் உறங்குகிறான், அருகில் அவனுடைய நாய். முதல் முறை, வயலினைவிடச் சற்றுப் பெரிய, ஆழ்ந்த ஒலியுள்ள வியோலாவை மட்டும் கவனியுங்கள்: இரண்டிரண்டு ஸ்வரங்களாக விடாமல் முரட்டுத்தனமாக ஒலிக்கும் அதுதான் நாயின் குரைப்பு. அதை எப்போதும் உரக்க, வெடுக்கென்று வாசிக்க வேண்டும் என்று விவால்டியே குறித்திருக்கிறார். இரண்டாம் முறை, மற்ற வயலின்கள் மெல்ல அசைக்கும் இலைகளின் சலசலப்பைக் கேளுங்கள். மூன்றாம் முறை, இவற்றுக்கு மேலே நீண்டு மிதக்கும் தனி வயலினைக் கேளுங்கள். அதுவே இடையனின் உறக்கம். ஆழ்ந்த ஒலி தரும் செல்லோவும், விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டும் இங்கே மௌனமாக இருப்பதால், தரையில் கால் படாதது போன்ற ஒரு லேசான உணர்வு கிடைக்கிறது.

படி 3: இளவேனிலின் தொடக்கத்துக்கு வாருங்கள்.
நம் பல்லவியைப் போல ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். இடையிடையே பறவைகள், ஓடை, இடிமின்னல் என்று காட்சிகள் மாறும். புயலுக்குப் பின் அந்த மெட்டு திரும்பும்போது அதன் முகம் சற்று வாடியிருப்பதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

படி 4: கோடையின் கடைசிப் பகுதி.
ஆலங்கட்டி மழை விளைந்த பயிரைச் சாய்க்கிறது. இதற்கு விளக்கமே தேவையில்லை. இலையுதிர்காலத்தின் அறுவடை ஆட்டத்தையும் வேட்டையையும் இதையடுத்துக் கேட்கலாம்.

படி 5: குளிர்காலம்.
தொடக்கத்தில் ஆழ்ந்த சுருதிக் கருவிகளிலிருந்து ஒவ்வொன்றாக மேலேறி வரும் நடுக்கம், சிறிது நேரத்தில் பற்கள் கிடுகிடுக்கும் அதிர்வாக மாறும். நடுப்பகுதியில் வீட்டுக்குள் கணப்பருகே தனி வயலின் பாடுகிறது. வெளியே பெய்யும் மழையை மற்ற வயலின்கள் தந்திகளை விரலால் சுண்டிக் காட்டுகின்றன. சிலர் இதை மிக மெதுவாக வாசிக்கிறார்கள், அப்போது மழை நின்றுவிடுகிறது. சற்று விரைந்த நடையில் உள்ள ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பகுதியில், அசையாத ஒற்றை ஆழ்ஸ்வரத்தின் மேல் வயலின் பனிக்கட்டியில் அடிமேல் அடிவைத்து நடக்கும். அது வழுக்கி விழும் இடத்தைக் கவிதையைப் பார்க்காமல் காதாலேயே கண்டுபிடிக்க முயலுங்கள்.