சியாங் மாயிலிருந்து லம்பூனுக்கு: சாப்பிடுவதற்காகவே ஒரு நாள், முதல்முறை போகிறவர்களுக்கு

வட தாய்லாந்தின் சியாங் மாய் போகிற பலரும் நகரத்துக்குள்ளேயே, தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட ஒரு காவ் சோய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்குங்கள், தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் லம்பூன் வரை சாப்பிட்டுக்கொண்டே போய் வரலாம்.

முதலில் மாதம். மார்ச், ஏப்ரல் வேண்டாம், வயலும் காடும் எரிகிற புகை ஊரையே மூடிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை இதமான குளிர். ஆனால் நான் ஜூலை, ஆகஸ்டைத்தான் சொல்வேன், மழை பெய்தாலும் பரவாயில்லை, லம்யாய் அறுவடை அப்போதுதான். லிச்சிக்கு உறவான பழம், லம்பூன் பேர் பெற்றதே அதனால்தான்.

காலை ஏழு மணிக்கு வாரோரோட் சந்தைக்குப் போய்விடுங்கள், ஊர்க்காரர்கள் காட் லுவாங் என்பார்கள். ஒட்டரிசிச் சோறான காவ் நியாவ் ஒரு பொட்டலம், எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்துச் சுட்ட பன்றி இறைச்சிச் சுருளான சாய் உவா கொஞ்சம், அப்புறம் நாம் பிரிக் நும். இது பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தைச் சுட்டு இடித்த துவையல், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சோற்றுக்குக் கரண்டி வேண்டாம். நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரல் நுனியில் இரண்டு உருட்டு உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி போட்டு, அந்தக் குழியில் துவையலை அள்ளுங்கள். மிச்சச் சோற்றை உடனே மூடி வைத்துவிடுங்கள், காற்றுப் பட்டால் விறைத்துப் போகும். வயிற்றில் பாதி இடம் காலியாக இருக்கட்டும்.

லம்பூன் போகும் நீல நிற சோங்தேவ் சந்தைப் பக்கமே, பிங் ஆற்றங்கரையை ஒட்டிக் கிடைக்கும். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி அது. ஏறும் முன் 106ஆம் எண் பழைய சாலை வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். சாரபி பக்கம் இரண்டு ஓரமும் யாங் மரங்கள் வானத்துக்கு நிற்கும், புதிய நெடுஞ்சாலையில் போனால் அது கிடைக்காது.

இறங்கியதும் ஹரிபுஞ்சய் கோயிலின் பொன்னிறத் தூபியைப் பார்த்துவிட்டு, சுற்றுத் தெருக்களில் குவே தியாவ் மூ துன் லம்யாய் கேளுங்கள். பன்றி இறைச்சியோடு லம்யாய் பழத்தையும் போட்டு நெடுநேரம் வேகவைத்த நூடுல்ஸ், கறுத்த சாறு, சர்க்கரையின் இனிப்பு இல்லை, பழத்தின் இனிப்பு.

பன்றி வேண்டாம் என்றால் "மை சை மூ". சைவக்காரர்கள் "கின் ஜே" என்று சொல்லி, மஞ்சள் கொடி கட்டிய கடையாகத் தேடுங்கள், அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். காலையில் சொன்ன துவையலிலும் மீன் சாறு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். காவ் சோய் கடையில் "கை" என்றால் கோழி, நினைவிருக்கட்டும்.

இருட்டினால் வண்டி குறையும், நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது லம்யாய் ஒரு கிலோ, கொத்தோடு இருப்பதாகப் பார்த்து வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் நகத்தால் ஒரு கீறல் போதும், பழுப்புத் தோல் விட்டுக்கொடுக்கும், உள்ளே கண்ணாடி மாதிரி சதை. சியாங் மாய் வருவதற்குள் பாதிக் கொத்து காலியாகிவிடும்.