பதில் வராத ஜெபத்தோடு எட்டு வருடம்

குழந்தைக்காக நானும் என் வீட்டுக்காரரும் ஜெபிக்க ஆரம்பித்து 8 வருடம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு, என்னைத் தாங்கியதைச் சொல்கிறேன்.

நீண்ட ஜெபம் வராத நாட்களில் உங்களை வற்புறுத்தாதீர்கள். நான் காலையில் பால் காய்ச்சும்போது அடுப்படியிலேயே நின்று பைபிளில் உள்ள 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்வேன். மொத்தமே 6 வசனம்தான். முதல் இரண்டிலேயே தாவீது 4 முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கடவுளிடம் அப்படிக் கேட்கலாம் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அழுகை வந்தால் அழுங்கள். பைபிளில் குழந்தைக்காக அழுது ஜெபித்த அன்னாளைப் பார்த்து, ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். கர்த்தர் அவளை அறிந்திருந்தார்.

அப்புறம், ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, அன்றைக்குக் கிடைத்த சின்ன நன்மை ஒன்றையாவது எழுதுங்கள்.

சபையில் குழந்தை ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிறுதான் மிகவும் கடினம். முடியாவிட்டால் பின்வரிசையில் உட்காருங்கள். "விசுவாசம் போதாது" என்று யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றாதீர்கள். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, அவருக்கு வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை. சிகிச்சை நடக்கும்போது அவரிடம் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை, உங்களோடு சேர்ந்து ஜெபிக்க ஒரே ஒருவர் போதும். எனக்கு அது பக்கத்து வீட்டு அக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார், சில நாள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.