பின்னங்கால் இழுக்கும் மாடு: தண்டுவடக் கட்டியைக் கண்டறியும் முறை

பெங்களூரில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும், கால்நடை மருத்துவத்தில் புதிதாக இறங்கியவர்களுக்கும் இது.

1. முதலில் கையுறை. தடுமாறும் மாட்டுக்கு வெறிநோய் இல்லை என்று உறுதியாகும்வரை வாய்க்குள் கை விடாதீர்கள். எச்சில் ஒழுகினால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று கை விட்டுத் துழாவுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

2. நாள் கணக்கு கேளுங்கள். கன்று போட்ட மூன்று நாளுக்குள் படுத்துவிட்டால் கால்சியம் குறைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 450 மில்லி கால்சியம் போரோகுளுகோனேட்டை மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றினால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் மாடு எழுந்துவிடும். கட்டியோ வாரக்கணக்கில் வளர்வது. மாடு தெளிவாக இருக்கும், தீனி எடுக்கும், ஆனால் பின்பகுதி மட்டும் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே போகும்.

3. இனி கைவேலை. இதில் அவசரம் வேண்டாம். தோள் எலும்புக்குச் சற்று முன்னால், கழுத்துத் தசையில் விரல்களை ஆழமாக அமர்த்திப் பின்னிருந்து முன்னே இழுங்கள். நீளவாக்கில் ஒரு நிணநீர்க் கணு விரலுக்கடியில் வழுக்கும். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொடை மடிப்புக்கு முன்னாலும் அப்படியே. கணுக்கள் வீங்கியிருந்தாலோ, கண் பிதுங்கியிருந்தாலோ லிம்போமா (தண்டுவடத்தையும் அழுத்தக்கூடிய நிணநீர்ப் புற்று) சந்தேகம் வலுக்கிறது. வெளிக்கணுக்கள் சரியாக இருந்தாலும் அது இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆசனவாய் வழியே உள்கணுக்களையும் கருப்பையையும் தடவிப் பார்க்க வேண்டும்.

4. வீங்கிய கணுவில் 20 அல்லது 22 கேஜ் ஊசி குத்தி உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயமேற்றிப் பாருங்கள். இந்தப் புற்றை உண்டாக்கும் லுகோசிஸ் வைரஸுக்கு எலிசா ரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்' வந்ததும் கட்டி என்று எழுதிவிடக் கூடாது. தொற்றிய மாடுகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்கே கட்டி வரும். தண்டுவட நீர் சுத்தமாக வந்தாலும் ஏமாறாதீர்கள்; இந்தக் கட்டி பெரும்பாலும் தண்டுவட உறைக்கு வெளியே உட்கார்ந்துதான் அழுத்தும்.

 

5. மாடு இறந்தால் வயிற்றை மட்டும் திறந்து முடித்துவிடாதீர்கள். இதயத்தின் வலது மேலறை, நான்காம் வயிறு, கருப்பை, இடுப்புப் பகுதி முதுகெலும்புக் குழாய் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். வெறிநோய் சந்தேகம் இருந்தால் மூளை மாதிரி ஹெப்பால் கால்நடைக் கல்லூரியின் ரேபிஸ் ஆய்வகத்துக்கு, பனிக்கட்டியில், ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) படாமல் போக வேண்டும். ஃபார்மலினில் போடும் கட்டித் துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, திசுவைப் போலப் பத்து மடங்கு ஊற்றுங்கள். தடித்த துண்டு உள்ளே அழுகிவிடும்.