பணப் பரிமாற்ற நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பதில் வராவிட்டால் அது தோல்வி அல்ல

ஒரு கணக்கில் 500 ரூபாயைக் கழித்து இன்னொரு கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் கவலையே இல்லை. ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இரண்டையும் எழுதி கமிட் செய்தால் (நிரந்தரமாகப் பதிந்தால்) போதும். டிரான்சாக்‌ஷன் என்றால் எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. நடுவில் கரண்ட் போனாலும் டேட்டாபேஸே பழைய நிலைக்குத் திருப்பிவிடும். கணக்குகள் வெவ்வேறு சர்வர்களிலோ வெவ்வேறு வங்கிகளிலோ இருக்கும்போதுதான் தலைவலி. டெபிட் ஓரிடத்தில், கிரெடிட் வேறிடத்தில், நடுவே நெட்வொர்க்.

இங்கே நடக்கிற தவறுகளில் மிக மோசமானது, டைம் அவுட்டை, அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராததை, தோல்வி என்று எழுதிவைப்பது. பதில் வராததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நாம் அனுப்பிய கோரிக்கை போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் வேலை இன்னும் முடியாமல் இருக்கலாம். வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நிரலோ டைம் அவுட் ஆனதுமே 'கிரெடிட் ஆகவில்லை' என்று முடிவுகட்டி, அனுப்பியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் கிரெடிட்டும் ஆகிவிட்டால், ஒரே 500 ரூபாய் இரண்டு பேரிடமும் இருக்கும். அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வெற்றி, தோல்வி என்று இரண்டு நிலைகள் மட்டும் போதாது. 'தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலையும் கட்டாயம் வேண்டும். அந்த நிலையில் இருக்கும் பரிமாற்றத்தை யாரும் ரிவர்ஸ் செய்யக் கூடாது. முதலில் மறுபக்கத்தைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்பி, 'பெண்டிங்' என்று திரையில் பார்க்காதவர் குறைவு. எரிச்சலாக இருந்தாலும் அது நேர்மையான பதில். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடைப்பட்ட நிலைக்குக் கெடுவும் வைத்தது. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் அனுப்பி, இவர் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் சேராவிட்டால், பரிமாற்றம் நடந்த மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நம் நிரலிலும் 'தெரியவில்லை' நிலைக்கு இப்படி ஒரு கெடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பரிமாற்றங்கள் மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

சரி, பதில் வரவில்லை என்று திரும்ப அனுப்பினால்? முதல் கோரிக்கையும் நடந்திருந்தால் 500க்குப் பதில் 1,000 கழியும். இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும்: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு தனி ஐடி. ஆனால் அதைச் செய்கிற விதத்தில்தான் பிசகுகிறார்கள். ரீட்ரை செய்யும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஐடியை உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி வரும், வைத்தும் பயனில்லை. பயனர் பட்டனை அழுத்திய கணத்திலேயே அது உருவாகி, கடைசி முயற்சி வரை மாறாமல் போக வேண்டும். 'இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா' என்று முதலில் தேடி, இல்லையென்றால் எழுதுவதும் ஆபத்து. ஒரே சமயத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைக்கும். ஒரே ஐடி இரண்டு முறை பதிவாவதை டேட்டாபேஸே மறுக்கும்படி டேபிளில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, ஐடியைப் பதிவதையும் பேலன்ஸைக் குறைப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வையுங்கள். அதே ஐடி வேறு தொகையோடு வந்தால் உடனே மறுத்துவிட வேண்டும்.

பேலன்ஸைக் குறைப்பதிலும் ஒரு பழைய பொறி உண்டு. கணக்கில் 1,000 இருக்கிறது. 800 ரூபாய்க்கு இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டும் 1,000 என்று படித்து, இரண்டும் 200 என்று எழுதுகின்றன. போனது 1,600, குறைந்தது 800. டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதினோமே என்று சொல்லிப் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இயல்பாக இருக்கும் ரீட் கமிட்டட் நிலை (கமிட் ஆனதை மட்டும் படிக்கவிடும் அமைப்பு) இதைத் தடுக்காது. படித்து, நிரலில் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதாமல், 'பேலன்ஸ் 800 அல்லது அதற்கு மேல் இருந்தால் 800 குறை' என்று ஒரே அப்டேட் கட்டளையாகக் கொடுங்கள். அப்புறம், டேபிளில் எத்தனை வரிகள் மாறின என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பேலன்ஸ் போதாமல் எதுவுமே மாறாவிட்டாலும் டேட்டாபேஸ் எரர் தராது. நிரலும் நிம்மதியாக கிரெடிட் பக்கம் போய்விடும்.

இரண்டு கணக்குகளுக்கும் லாக் போடும்போது (வேலை முடியும்வரை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டும்போது) கணக்கு எண் வரிசையில் போடுங்கள். 'அ'விலிருந்து 'ஆ'வுக்கும் 'ஆ'விலிருந்து 'அ'வுக்கும் ஒரே நேரத்தில் பணம் போனால், ஒன்றையொன்று பார்த்துக் காத்திருக்கும் டெட்லாக் வராது.

தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும்.

பல சர்வர்களை ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டிப்போட டூ-பேஸ் கமிட் என்று ஒரு வழி இருக்கிறது: ஒருங்கிணைப்பாளர் சர்வர் முதலில் எல்லோரிடமும் 'தயாரா' என்று கேட்டு, பிறகு கமிட் செய்யச் சொல்லும். டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் ஜிம் கிரே இதைப் பற்றி 1978லேயே எழுதியிருக்கிறார். எல்லோரும் 'தயார்' என்று சொன்ன பிறகு ஒருங்கிணைப்பாளர் சர்வர் விழுந்தால், அது எழுந்து வரும்வரை லாக்குகள் அப்படியே நிற்கும். ஒரே நிறுவனத்துக்குள், சில டேட்டாபேஸ்களுக்கு இடையே என்றால் சமாளிக்கலாம். வேறொரு நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்லும்வரை நம் வாடிக்கையாளரின் கணக்கைப் பூட்டி வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

அதனால்தான் 1987ல் கார்சியா-மொலினா, சேலம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த சாகா முறை பக்கம் பலர் போகிறார்கள்: சின்னச் சின்ன டிரான்சாக்‌ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடு செய்யும் டிரான்சாக்‌ஷன். இதிலும் கிரெடிட்டை முதலில் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவர் அதைச் செலவழித்த பிறகு டெபிட் தோற்றால் யாரிடம் போய்க் கேட்பது? முதலில் டெபிட் செய்து ஓர் இடைக்கணக்கில் நிறுத்துங்கள். கிரெடிட் உறுதியானதும் அங்கிருந்து விடுவியுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் டேபிளில் உள்ள பழைய வரியை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். எதிர்ப்பதிவாகப் புது வரி எழுதுங்கள். அந்த எதிர்ப்பதிவும் பாதியில் நிற்கலாம் என்பதால் அதற்கும் ஓர் ஐடி வேண்டும்.

டெபிட்டை கமிட் செய்துவிட்டு அடுத்த வரியில் சர்வர்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா மென்பொருளுக்குச் செய்தி அனுப்புகிற நிரலையும் அடிக்கடி பார்க்கலாம். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே சர்வர் விழுந்தால் பணம் கழிந்திருக்கும், செய்தி போயிருக்காது. செய்தியையும் அதே டிரான்சாக்‌ஷனில் ஓர் அவுட்பாக்ஸ் டேபிளில் (அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலில்) எழுதி, இன்னொரு ப்ராசஸ் அதைப் படித்து அனுப்பும்படி வையுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை போகவும் கூடும். பெறுகிறவர் ஐடியைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடுவார்.

இவ்வளவும் செய்த பிறகு, டெஸ்ட் சர்வரில் நூற்றுக்கணக்கான பரிமாற்றங்களை ஓடவிட்டு, டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் நடுவே ப்ராசஸை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். திரும்ப ஓடவிட்டதும் எல்லாக் கணக்குகளின் பேலன்ஸையும் இடைக்கணக்கோடு சேர்த்துக் கூட்டுங்கள். தொடங்கும்போது இருந்த தொகையே வர வேண்டும். 'தெரியவில்லை' என்று நிற்கும் பரிமாற்றங்களின் மொத்தத் தொகை இடைக்கணக்கில் இருப்பதோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். நிஜ சர்வரில் இதே கணக்கைத் தினமும் போட்டு, எதிர்ப்பக்கத்து வங்கியின் செட்டில்மென்ட் ஃபைலோடு (அவர்கள் பக்கத்துப் பரிமாற்றப் பட்டியலோடு) வரி வரியாக ஒப்பிடுங்கள்; ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றைக்கே அது எந்த ஐடி என்று கண்டுபிடியுங்கள்.