கூண்டு இறக்கிய பிறகுதான் ஆறு வரும்

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. தானே, நிவர், ஃபெஞ்சல் என்று பெயரைச் சொன்னாலே போதும், யார் வீட்டு ஓடு எங்கே போய் விழுந்தது என்று கதை ஆரம்பித்துவிடும். இந்தப் பழக்கம்தான் சில தவறுகளுக்கும் காரணம். கடல் சூடாகச் சூடாக, காற்று சுமந்துவரும் ஈரமும் கூடுகிறது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது. நாமோ இன்னும் பழைய புயலுக்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறோம்.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டை இறக்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகராமல் நின்று பெய்ததில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கடலூர்ப் பக்கம், ஆற்றங்கரையை ஒட்டி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மழை கொஞ்சம் ஓய்ந்ததும் பரணில் ஏற்றிவைத்த அரிசி மூட்டையை இறக்கிவிட்டார்கள். நனைந்த பாயைக் கொடியில் போட்டார்கள். "கரையைக் கடந்தாச்சு, இனி என்ன?" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

புயலின் மிச்சம் அப்போது மேற்கே போய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் சுமார் 50 செ.மீ. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் தாண்டி, கடலூருக்கு வந்துதான் கடலில் சேர்கிறது. டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கடலூர் ஓரக் கிராமங்களும் பாகூர்ப் பக்கமும் முழுகியது அதற்கப்புறம்தான். அந்த வீட்டு அரிசியும் போனது, பாயும் போனது.

ஆகவே புயல் கடந்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு, கடலைப் பார்ப்பதைவிட மேற்கைப் பாருங்கள். சாத்தனூர் நீர்மட்டம், திறந்துவிடும் அளவு இரண்டும் செய்தியில் வந்துவிடும். அங்கே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரம் மூட்டையை மறுபடி ஏற்றவும் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும் போதும்.

அடுத்தது மேடாக்கும் பைத்தியம். தெருவில் தண்ணீர் நின்றால் பழைய ரோட்டின் மேலேயே இன்னொரு ரோடு. ரோடு உயர்ந்ததும் வசதியுள்ளவர்கள் மண் அடித்து வாசலை உயர்த்துகிறார்கள். முடியாதவர் வீட்டுக்குள் தெருத் தண்ணீர் போகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் அரசு உத்தரவே இருக்கிறது. வேலை நடக்கும்போது நின்று கேட்க வேண்டும், போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை. மண் அடிப்பதற்கு முன் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எந்த வாய்க்காலில் சேர்கிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். பல மனைகளில் அந்த வாய்க்காலே நம் காம்பவுண்டுக்குள் இருக்கும், அது வேறு கதை!

கடல் அரித்தால் கருங்கல் கொட்டச் சொல்லிக் கேட்பதும் அப்படித்தான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக நீட்டிய கற்சுவர்கள் அந்த மணலை மறித்தன. வடக்கே கடற்கரைச் சாலையில் மணல் போய்க் கல் மட்டும் மிஞ்சியது. ஒரு குப்பத்தில் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே உள்ள குப்பத்துக்குத் தாவும். தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அது மாநில எல்லையையும் தாண்டிவிட்டது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு, கேட்கிற மீனவர்களைக் குறை சொல்லவில்லை, வலை வைக்க இடமில்லாமல் போனால் யாரும் கேட்பார்கள். ஆனால் 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தடுப்பு ஒன்றை இறக்கி, துறைமுக முகத்துவாரத்தில் அள்ளிய மணலையும் கொண்டுவந்து போட்டபோதுதான் அங்கே மறுபடி மணலைக் கண்ணால் பார்த்தோம். கேட்பதென்றால் மணலையும் சேர்த்துக் கேளுங்கள்.

போர்வெல்லை இன்னும் ஆழமாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்தில் உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வரும், ஒருமுறை வந்தால் லேசில் போகாது. ஏரியையும் குளத்தையும் தூர்வாருவது அதைவிட மலிவு.

அப்புறம் மரம். 2011 டிசம்பர் 30 காலை தானே அடித்ததில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலாக்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை குடும்பம் எதைத் தின்னும்? மொத்த நிலத்தையும் ஒரே மரத்துக்குக் கொடுக்காமல் ஊடே மணிலா (நிலக்கடலை), உளுந்து என்று ஏதாவது இருக்கட்டும். ஐப்பசிக்கு முன்பே அடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த மட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைக்கனம் குறையும்.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நம் பெரும்புயல்கள் வருவதோ அதற்குப் பிறகு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் சான்று) வாங்கவே இரண்டு மூன்று நடை ஆகும். புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால், தேதி முடிந்திருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் இருக்காது.